ஆப்பிரிக்காவில் தன்னார்வத் தொண்டு: கிளம்பும் முன் எழும் சந்தேகங்களும் விளக்கங்களும்

கல்லூரி முடிந்து வேலையில் சேரும்வரை கிடைக்கும் இடைவெளியில் கென்யா, உகாண்டா, தான்சானியா, கானா என்று போய், அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளோடும் இளைஞர்களோடும் சில வாரங்கள் வேலை செய்துவிட்டு வருவது மேற்கு நாடுகளில் பழகிப்போன விஷயம். லண்டன், டொராண்டோ தமிழ்ப் பிள்ளைகளும் போகிறார்கள். ஐசெக் போன்ற மாணவர் அமைப்புகள் வழியாக இந்தியக் கல்லூரிகளிலிருந்தும் எகிப்து வரைக்கும் போய் வருகிறார்கள். பெற்றோர் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். பிள்ளைகள் செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். நாம் போவதால் அங்கே யாருக்கு என்ன லாபம் என்று இரு தரப்பும் கேட்பதில்லை. அதிலிருந்தே தொடங்கலாம்.

மூன்று வாரம் போனால் அங்குள்ளவர்களுக்கு ஏதாவது பயன் உண்டா?

உங்களுக்கு உண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை.

பிப்பா பிடில் என்ற அமெரிக்கப் பெண் 2014-ல் எழுதிய கட்டுரை ஒன்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பள்ளி நாட்களில் தோழிகளோடு தான்சானியா போய், ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்கு நூலகம் கட்டும் வேலையில் இறங்கியிருக்கிறார். பகலெல்லாம் செங்கல் அடுக்கினார்கள். யாருக்கும் கொத்து வேலை தெரியாது. இரவில் உள்ளூர் ஆட்கள் வந்து, கோணலாக நின்ற சுவரைப் பிரித்து மறுபடி சரியாகக் கட்டிவைத்தார்கள், வந்த பிள்ளைகள் மனம் நோகக்கூடாதே என்று. அத்தனை பேரின் விமானக் கட்டணத்தில் அந்த ஊர்க் கொத்தனார்களுக்கு எத்தனை நாள் கூலி கொடுத்திருக்கலாம் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். உகாண்டாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரே வகுப்பில் எழுபது, எண்பது பிள்ளைகள் இருப்பது சாதாரணம். ஒரு பெஞ்சில் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, நோட்டை முழங்கால்மேல் வைத்து எழுதுவார்கள். ஆசிரியர் பின்னம் நடத்திக்கொண்டிருக்கும்போது வெளிநாட்டுத் தன்னார்வலர் வந்து சேர்வார். மரியாதைக்காகச் சாக்பீஸ் அவர் கைக்குப் போகும். பாட்டு, விளையாட்டு, நிறங்களின் ஆங்கிலப் பெயர். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மூன்றாவது வாரம் அவர் போய்விடுவார். அடுத்த மாதம் இன்னொருவர் வந்து அதே நிறங்களில் தொடங்குவார். ஏழாம் வகுப்பு முடிவில் நாடு முழுக்க ஒரே பொதுத்தேர்வு நடக்கிறது. விட்டுப்போன பின்னத்தை யார் நடத்துவது?

1961-ல் தொடங்கிய அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு, தன் தன்னார்வலர்களுக்கு முதலில் ஏறக்குறைய மூன்று மாதம் மொழியும் வேலையும் கற்றுக்கொடுத்து, அதன்பின் இரண்டு ஆண்டு பணியில் விடுகிறது. அதன்மீதும் விமர்சனம் இல்லாமல் இல்லை. ஆனாலும் உள்ளூர் மொழியில் விலை கேட்கவே ஒரு மாதம் ஆகும் என்ற உண்மையை அது ஒப்புக்கொள்கிறது.

சேவை செய்ய நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர் ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. அதை ஏழைப் பள்ளியின் தலையில் கட்ட முடியாது. எனவே கட்டணம் வாங்குவதே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. அதில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது, எவ்வளவு விளம்பரத்துக்கும் இடைத்தரகருக்கும் போகிறது என்ற கணக்கைக் காட்ட மறுத்தால் அது சேவை அமைப்பு அல்ல, சுற்றுலாக் கம்பெனி.

தொழில் அனுபவம் உள்ளவர்களுக்குப் பணம் கட்டத் தேவையில்லாத வழியும் இருக்கிறது. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 18 முதல் 26 வயது வரை உள்ளவர்களை இளைஞர் பிரிவிலும், 27 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை நிபுணர் பிரிவிலும் எடுக்கிறது. வாழ்க்கைச் செலவுக்குப் படியும் காப்பீடும் தருகிறது. போட்டி கடுமை. வேலை தெரிந்தவர்களைத்தான் தேடுகிறார்கள் என்பதே அந்தக் கடுமைக்குக் காரணம்.

ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் சேவை செய்யலாமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்கு மட்டும் 'ஆனால்' எதுவும் இல்லை.

இந்த இல்லங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தாய் தகப்பன் இல்லாதவர்கள் அல்ல. உலக அளவில் இப்படிப்பட்ட இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-ல் சுட்டிக்காட்டியது. வறுமையால், 'அங்கே விட்டால் படிக்க வைப்பார்கள்' என்ற நம்பிக்கையால், பெற்றவர்களே கொண்டுவந்து விடுகிறார்கள். சில இடங்களில் ஆள்வைத்துத் திரட்டியும் வருகிறார்கள். பார்க்க வருபவர்கள் பணம் தருவதால் இல்லத்தில் பிள்ளைகள் நிறைந்திருக்க வேண்டும். பார்க்கப் பரிதாபமாகவும் இருக்க வேண்டும். இது ஒரு வியாபாரம். நல்ல மனதோடு போகிறவர்தான் அதன் வாடிக்கையாளர்.

வாசலில் வண்டி நின்றதும் நாலு வயதுக் குழந்தை ஓடிவந்து, முன்பின் தெரியாத உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். மனம் இளகிப்போகும். ஆனால் யோசித்துப் பாருங்கள், வீட்டில் வளரும் நாலு வயதுப் பிள்ளை புது ஆளைக் கண்டால் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் பிள்ளை, நெருங்கியவர்கள் எல்லாரும் மாதம் ஒருமுறை விட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து, பற்றின் இலக்கணமே குழம்பிப்போன பிள்ளை. நீங்களும் அந்த வரிசையில் ஒருவர் ஆவீர்கள்.

இதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. கென்யாவில் குழந்தைகள் இல்லம் ஒன்றில் தன்னார்வலராகத் தங்கியிருந்த அமெரிக்க இளைஞர் ஒருவருக்கு, அங்குள்ள சிறுவர் சிறுமியரிடம் பாலியல் கொடுமை செய்ததற்காக 2016-ல் அமெரிக்க நீதிமன்றம் 40 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்று கதவு திறந்திருந்தால் இப்படிப்பட்டவர்களும் உள்ளே வருவார்கள்.

கென்ய அரசு 2017-ல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது; பிள்ளைகளைக் குடும்பங்களுக்கே திருப்பி அனுப்ப 2022 முதல் 2032 வரை பத்தாண்டுத் திட்டம் ஒன்றையும் வகுத்திருக்கிறது. ருவாண்டா இந்த வேலையை 2012 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. 2018-ல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களுக்குப் பிள்ளை பிடிப்பதும் அதில் ஒரு பிரச்சினையாகவே பேசப்பட்டது. 2019-ல் ஐ.நா. பொதுச் சபையும் இல்லங்களில் தன்னார்வத் தொண்டு செய்வதால் வரும் தீங்கு பற்றி ஒரு தீர்மானத்தில் கவலை தெரிவித்தது. இத்தனைக்குப் பிறகும் இல்லங்களில் சேவை செய்ய வாருங்கள் என்று விளம்பரம் வருகிறது.

அப்படியானால் இளைஞர்களோடு வேலை செய்வதும் வீண்தானா?

அப்படி இல்லை. உகாண்டாவில் மக்கள்தொகையில் பாதிப் பேர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறக்க 2022 ஜனவரி ஆனது. உலகத்திலேயே நீண்ட பூட்டு அதுதான். செய்வதற்கு வேலை நிறைய இருக்கிறது. யார் கையில் கடிவாளம் என்பதுதான் கேள்வி.

நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதியில் 1987-ல், ஐ.நா. சுற்றுச்சூழல் பணிக்காக வந்திருந்த பாப் மன்ரோ என்ற கனடாக்காரர், பையன்கள் பாலித்தீன் பையைச் சுருட்டிக் கயிறு கட்டிப் பந்தாக உதைத்து விளையாடுவதைப் பார்த்தார். பந்தும் போட்டியும் ஏற்பாடு செய்கிறேன், பதிலுக்கு நீங்கள் உங்கள் தெருக் குப்பையை அள்ள வேண்டும் என்றார். அப்படிப் பிறந்தது மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம். சுத்தம் செய்யும் வேலைக்கும் லீக் பட்டியலில் புள்ளி உண்டு! பயிற்சியாளர், நடுவர், நிர்வாகி என்று எல்லாப் பொறுப்பிலும் அந்தப் பகுதிப் பிள்ளைகளையே பழக்கினார்கள். அங்கிருந்து கிளைத்த மத்தாரே யுனைடெட் அணி 2008-ல் கென்யாவின் முதன்மை லீக் பட்டத்தையே வென்றது. வெளியாள் தொடங்கி வைத்தார், ஊர்ப் பிள்ளைகள் நடத்தினார்கள்.

பிரிட்டன் அரசு 2011-ல் தொடங்கி நடத்திய 'இன்டர்நேஷனல் சிட்டிசன் சர்வீஸ்' திட்டத்திலும் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பிரிட்டிஷ் இளைஞர் ஒருவருக்கு உள்ளூர் இளைஞர் ஒருவர் ஜோடி. இருவரும் ஒரே வீட்டில் தங்கி, பத்துப் பன்னிரண்டு வாரம் ஒரே வேலையைச் செய்தார்கள். சோறு பங்கிட்டு, சண்டை போட்டு, சமாதானம் ஆனவர்களிடம் 'நான் கொடுப்பவன், நீ வாங்குபவன்' என்ற மிடுக்கு அதிக நாள் நிற்காது. அந்தத் திட்டம் இப்போது இல்லை. அதே முறையைப் பின்பற்றும் அமைப்பைத் தேடிப் பாருங்கள்.

போகும்போது கையில் ஒரு வேலை இருக்கட்டும். கணக்குப் பதிவு, மின்வேலை, கால்பந்துப் பயிற்சி, காது கேளாதோருக்கான சைகை மொழி, எதுவானாலும் சரி. அதைப் பிள்ளைகளுக்கு நேரடியாக நடத்துவதைவிட, அங்கே நிரந்தரமாக இருக்கப்போகும் ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுங்கள். 'நாம் கற்றுக்கொடுக்கப் போகிறோம்' என்ற நினைப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதும் நல்லது. நம் ஊருக்கு யு.பி.ஐ. வந்தது 2016-ல், கென்யர்கள் 2007 முதலே எம்-பெசாவில் சாதாரணக் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மருத்துவ மாணவர்கள் அங்கே சிகிச்சை செய்து பழகலாமா?

இங்கே செய்ய உரிமம் இல்லாத எதையும் அங்கே செய்யக்கூடாது. உகாண்டாவின் ஜின்ஜாவில் மருத்துவம் படிக்காத அமெரிக்கப் பெண் ஒருவர் ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு மையம் நடத்தினார். 2010 முதல் 2015 வரை அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. 2019-ல் இரண்டு தாய்மார் வழக்குப் போட்டார்கள். உள்ளூர் மருத்துவ ஊழியர்களுக்கு உதவினேனே தவிர நானாகச் சிகிச்சை தரவில்லை என்றார் அவர். 2020-ல் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே இழப்பீட்டுடன் சமரசம் ஆனது.

இந்தியர் என்றால் எப்படி நடத்துவார்கள்?

அன்பாகத்தான். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் நீங்கள் வெறும் விருந்தாளி அல்ல. இந்திய முகத்தைப் பார்த்ததும் அவர்கள் நினைவுக்கு வருவது கடை முதலாளி. இடி அமின் 1972-ல் ஆசியர்களை 90 நாளில் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்ன வரலாறும் கூடவே வரும். கேள்விகளும் வரும். 2016-ல் பெங்களூரில் தான்சானிய மாணவியை ஏன் தாக்கினீர்கள், 2017-ல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களை ஏன் அடித்தீர்கள் என்று கல்லூரிப் பையன்கள் நேராகவே கேட்பார்கள். கானா பல்கலைக்கழகத்தில் வைத்த காந்தி சிலை, ஆப்பிரிக்கர்களைப் பற்றி அவர் ஆரம்ப காலத்தில் எழுதியவற்றுக்காக 2018-ல் அகற்றப்பட்டது. இதற்கெல்லாம் சப்பைக்கட்டுக் கட்டாமல் பேசத் தெரிந்தவருக்குத்தான் அங்கே உண்மையான சிநேகிதம் கிடைக்கிறது.

விசா, தடுப்பூசி?

சுற்றுலா அனுமதியில் போய் வேலை செய்வது, சம்பளம் இல்லாவிட்டாலும், கென்யா, தான்சானியா இரண்டிலும் சட்டமீறல். தான்சானியாவில் தன்னார்வலர்களுக்கு 'சி' வகைக் குடியிருப்பு அனுமதி உண்டு. 'டூரிஸ்ட் என்றே சொல்லிவிடுங்கள்' என்று ஓர் அமைப்பு சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட வேண்டும். தமிழ்நாட்டில் கிண்டி கிங் நிலையம், சென்னை, தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகங்கள் ஆகியவற்றில் போடுகிறார்கள். சான்று ஆயுள் முழுக்கச் செல்லும். அது இல்லாமல் நோய் உள்ள நாட்டிலிருந்து திரும்பினால், இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரையைத் திரும்பிய பிறகும் மருத்துவர் சொன்ன காலம்வரை நிறுத்தக்கூடாது. ஊர் வந்து காய்ச்சல் கண்டால், ஆப்பிரிக்கா போய்வந்ததை முதலில் சொல்லுங்கள். விக்டோரியா ஏரியைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றும். கரையோரத் தண்ணீரில் தோல்வழியே உடம்புக்குள் புகும் நத்தைக் காய்ச்சல் புழு இருக்கிறது.

பாதுகாப்பு எப்படி?

பெற்றோர் கலவரத்துக்கும் சிங்கத்துக்கும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது சாலைக்கு. மக்கள்தொகை விகிதப்படி சாலை மரணம் உலகிலேயே ஆப்பிரிக்காவில்தான் அதிகம். போடா-போடா என்ற பைக் டாக்ஸியில் ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள். இரவுப் பேருந்தும் வேண்டாம்.

பழகிய பையன் படிப்புக்குப் பணம் கேட்டால்?

கட்டாயம் கேட்பான். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் வாட்ஸ்அப்பில் கேட்பான். அவனைப் பேராசைக்காரன் என்று நினைக்காதீர்கள். உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் அங்கே பல குடும்பங்களின் முதுகை ஒடிக்கும் செலவு. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அங்கே அதை வாக்காகவே எடுத்துக்கொள்வார்கள். முடியும் என்றால் படிப்பு முடியும்வரை, பள்ளிக் கணக்குக்கே, அமைப்புக்குத் தெரிந்து கட்டுங்கள். ஒரு பருவம் கட்டிவிட்டு நிறுத்துவது, கட்டாமலே இருப்பதைவிடக் கொடுமை.

பிள்ளைகளோடு போட்டோ எடுத்துப் போடலாமா?

உங்கள் தம்பியின் பள்ளிக்குள் ஓர் அந்நியர் புகுந்து அவனைப் படமெடுத்துப் போட்டால் சம்மதிப்பீர்களா? அதே நியாயம்தான்.

பதிவு செய்யும் முன் அமைப்பிடம் என்ன கேட்க வேண்டும்?

எனக்கு முன்னால் இந்த வேலையை யார் செய்தார், எனக்குப் பின்னால் யார் செய்வார், இதற்கு உள்ளூர் ஆளைச் சம்பளத்துக்கு ஏன் வைக்கவில்லை என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பிள்ளைகள் பாதுகாப்புக்கு என்ன விதி வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். உங்களிடம் காவல்துறைச் சான்று கேட்காத அமைப்பு வேறு யாரிடமும் கேட்டிருக்காது. இந்தியர்கள் அந்தச் சான்றைப் பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம். பதில் எல்லாம் எழுத்தில் வரட்டும். வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.