கிருபையும் தன்னிச்சையும்: மொலினா, பாஞேஸ் வழக்கு

வீடுபேறு திருவருளால் வருவதாயின் உயிரின் முயற்சி எற்றுக்கு? உயிரின் முயற்சியால் வருவதாயின் திருவருள் எற்றுக்கு? இவ்வினா சமயங்கள் பலவற்றிற்கும் பொதுவேயாயினும், கிறிஸ்து சமயத்தில் மிக்க வெம்மையோடு எழுந்தது. என்னை? அச்சமயத்தார் கொள்கையில் உயிர்கள் அநாதியல்ல, இறைவனால் இன்மையினின்று படைக்கப்பட்டன, பிறவியும் ஒன்றே. முன்னைவினை என்பதொன்று இல்லாதவிடத்து, ஒருவன் அருள் பெறுதற்கும் மற்றொருவன் பெறாமைக்கும் காரணம் இறைவன் திருவுளமாதல் வேண்டும். அன்றேல் அவ்வுயிரின் தன்னிச்சையாதல் வேண்டும். ஆதிபிதாவின் பாவம் எல்லார்க்கும் பொதுவாகலின், அது வேற்றுமைக்குக் காரணமாகாது.

பவுல் உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் 9ஆம் அதிகாரம் இதற்குக் களமாயிற்று. யாக்கோபும் ஏசாவும் ஒரு கருவில் இருந்த இரட்டையர். நன்றோ தீதோ செய்யாமுன்னரே ஒருவன் தெரிந்துகொள்ளப்பட்டான். இதனை ஆராய்ந்த ஒரிஜென் என்னும் 3ஆம் நூற்றாண்டு ஆசிரியர், அவ்வுயிர்கள் உடலெடுக்குமுன் செய்தவற்றின் பயனே இவ்வேறுபாடு என உரைத்தார். சைவர்க்கு இது செவிக்கினிய சொல்லே. ஆயினும் அவர் கூறிய உயிர்கள் ஒத்தனவாய்ப் படைக்கப்பட்டுப் பின் தம் மடியால் வழுவியவை. அநாதி மலம் என்பது அவர் கருத்தன்று. உயிர் உடலுக்கு முன்னுள்ளது என்னும் அக்கொள்கையையும் 543இல் ஜஸ்தீனியன் பேரரசன் ஆணை கடிந்து விலக்கியது. அவ்வாயில் அடைபட்டது.

ஒரிஜெனுக்குப் பின்வந்த அகுஸ்தீன், விசுவாசம் கொள்ளுதலும் இறைவன் கொடையே என்றார். மனிதன் தன் ஆற்றலால் நன்னெறி நிற்கவல்லன் என்ற பெலாஜியர் கொள்கை 418இல் கார்த்தேஜ் சங்கத்தில் விலக்கப்பட்டது. பல நூற்றாண்டு கழித்துக் கால்வின், கைவிடப்படுவாரும் அவ்வாறே முன்குறிக்கப்பட்டவர் என்று முடிபு கூறினார். அதனை மறுத்த உரோமைத் திருச்சபையின் திரெந்து சங்கம், இறைவனால் தூண்டப்பட்ட உயிர் உடன்படுகிறது, மறுக்கவும் வல்லது, சடப்பொருள் போல் வாளா கிடப்பதன்று என 1547இல் வரையறுத்தது.

எங்ஙனம் உடன்படுகிறது என்பதைச் சங்கம் விளக்கவில்லை. அவ்விடத்திலேதான் வழக்கு மூண்டது. இயேசு சபையினராகிய லூயிஸ் தே மொலினா 1588இல் லிஸ்பன் நகரில் வெளியிட்ட நூலில், இறைவனறிவை முத்திறமாக வகுத்தார். நிகழக்கூடியன அனைத்தையும் அறிதல் ஒன்று. தன் திருவுளத்தால் நிகழ்வனவற்றை அறிதல் மற்றொன்று. இவ்விரண்டின் இடையே, இன்ன உயிர் இன்ன நிலையில் வைக்கப்படின் தன்னிச்சையால் இன்னது செய்யும் என்றறிதல் மூன்றாவது. இவ்விடைநிலையறிவு கொண்டே இறைவன் உலகை நடத்துதலின், அருளும் குறையாது, தன்னிச்சையும் கெடாது என்பது அவர் துணிபு. ஒரு மரக்கலத்தை இருவர் கூடி இழுத்தல்போல இறைவனும் உயிரும் ஒரு செயலைச் செய்வர் என்றும் உவமித்தார்.

தொமினிக்கர் சபையினராகிய சலமான்கா நகரத்துப் பேராசிரியர் தொமிங்கோ பாஞேஸ் இதனை ஒப்பவில்லை. உயிரின் தேர்வை நோக்கி இறைவனறிவு நிற்குமாயின், முதற்காரணம் உயிரின்கீழ்ப் பட்டதாகும் அன்றோ? இறைவனே முன்னின்று உயிரை அசைக்கிறான். தன்வயமுடைய பொருளைத் தன்வயமாகவே அசைத்தல் அவன் வன்மை. ஆதலின் அவனருள் தவறாது பயன்றரும் என்றார். மொலினா பெலாஜியராயினார் என ஒரு சாரார் தூற்ற, பாஞேஸ் கால்வினாயினார் என மறுசாரார் தூற்றினர். 8ஆம் கிளெமென்று பாப்பரசர் வழக்கை உரோமைக்கு வாங்கி, 1602 முதல் தாமே முன்னிருந்து கேட்டார். 1605இல் முடிபு கூறாதே இறந்தார். 5ஆம் பவுல் 1607இல், இரு சாராரும் ஒருவரையொருவர் பழித்தல் கூடாது, முடிபு தக்க காலத்தில் வெளிவரும் என்று கூறி அவையைக் கலைத்தார். அம்முடிபு இன்றுவரை வெளிவந்திலது. எல்லார்க்கும் போதுமான அருள் உண்டு, ஆயினும் வேறோர் அருளின்றி அது பயன்படாது என்ற தொமினிக்கர் பாகுபாட்டைப் பாஸ்கல் 1656இல் எழுதிய கடிதங்களில் எள்ளினார். போதாத ஒன்றைப் போதும் என்பது யாங்ஙனம் என்பது அவர் வினா. நியாயமான வினாவே.

சித்தாந்தத்தில் இத்தடை இவ்வாறு எழாது. உயிரும் மலமும் அநாதி. அருள் ஒருபடித்தாய் நிற்க, மலபரிபாகத்திற்கேற்பச் சத்திநிபாதம் முற்பட்டும் பிற்பட்டும் நிகழும். ஒரு கதிரவன்முன் ஒரு தாமரை அலர, ஒன்று முகையாய் நிற்றல் காண்க. முற்றும் கைவிடப்படுவார் ஒருவருமிலர். அற்றேல், பரிபாகம் வேறுபடுவது என்னை எனின், மலசத்திகள் உயிர்தோறும் வெவ்வேறாதலின் என்க. அவ்வேறுபாடு எதனால் எனின், அநாதி என்பதே விடை. வினா அவ்விடத்தும் முற்ற ஒழிந்ததன்று. ஆயினும் இறைவன்மேல் ஓரவஞ்சனை ஏறாது நிற்கிறது.

மொலினாவின் மரக்கல உவமையையும் ஈண்டு நோக்குக. இருவர் இழுப்பின் பாதி ஒருவனது, பாதி மற்றவனது. மெய்கண்டார் நெறியிலோ, கண் காணுங்கால் உயிர் காட்டியும் உடன் கண்டும் நிற்கும். காட்சியைக் கண்ணுக்கு இத்துணை, உயிருக்கு இத்துணை எனப் பங்கிடுதல் இயலாது. இவ்வளவில் சைவர்க்கு அணியர் பாஞேஸே. ஒரு கண்ணுக்குக் காட்டி மற்றொரு கண்ணுக்கு என்றும் காட்டாதொழிவது ஏன் என்று வினவுமிடத்து அவர் சேயராகின்றார்.