பெருந்தொற்றும் பேர் விழாத நாட்களும்: மலையகத் தோட்ட மக்களின் நோய்க்காலக் கதைகள் பற்றிச் சில குறிப்புகள்

கொள்ளைநோய் பற்றிய இலக்கியம் என்றதும் எமது திறனாய்வாளர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பொக்காச்சியோவின் 'டெக்கமரன்' ஆகும். 1348இல் புளோரன்ஸ் நகரைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் நகருக்கு வெளியேயுள்ள மாளிகைக்கு ஒதுங்கிச் சென்று, பத்து நாட்களில் நூறு கதைகளைச் சொல்லிக்கொள்வதாக அமைந்தது அந்நூல். அக்கதைகளின் நயத்தை விதந்துரைப்போர் ஒன்றைக் கவனிப்பதில்லை. கதை சொல்ல வாய்த்தவர்கள், ஒதுங்கிச் செல்ல இடமுள்ளவர்கள். அவர்களுடன் பணியாட்களும் சென்றார்கள். சமைத்தவர்களும் படுக்கை விரித்தவர்களும் அவர்களே. அப்பணியாட்களுள் எவரும் அந்த நூறில் ஒரு கதையையேனும் சொல்லவில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி இலங்கையில் கொவிட்-19 தொற்றின் காரணமாக ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த எம்போன்றோர் பலர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினர். அக்குறிப்புகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அவை அனைத்தும் ஓர் அறையினுள் இருந்து எழுதப்பட்டவை. அறை என்று தனியே ஒன்றில்லாத மக்கள் அதே காலத்தை எவ்வாறு கடந்தனர், அதனை எவ்வாறு சொல்கின்றனர் என்பது வேறொரு வினா. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் நாம் கேட்ட சில வாய்மொழிக் கதைகளைக் கொண்டு அவ்வினாவை ஒருவாறு விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சொன்னவர்களின் பெயரையும் அவர்தம் தோட்டங்களின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்துள்ளோம்.

இக்கதைகளை 2020இலிருந்து தொடங்கினால் அவை விளங்கா. மலையகத் தமிழரின் வரலாறே நோயும் நோய்த்தடையும் சேர்ந்து எழுதிய வரலாறு. கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில், திருச்சி, மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என நடந்து மலையேறினர். அவ்வழியில் கொலராவுக்கும் பசிக்கும் பலியானோரின் தொகை பற்றி வரலாற்றாசிரியரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. தொகை எவ்வாறாயினும், அக்கால ஆவணங்களில் இம்மக்கள் நோய்க்கு இரையானவர்களாக அன்றி, நோயைக் கொண்டுவருபவர்களாகவே பெரிதும் தோன்றுகின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அஞ்சப்பட்டது அவர்களின் மரணமன்று, அவர்களின் வருகை.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க செய்தியொன்றுண்டு. 1869இல் இலங்கையின் கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் ஒருவகையில் செடிகளின் பெருந்தொற்று எனலாம். அதனை ஆராய 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டு, இரண்டாண்டு காலம் இங்கு தங்கி ஆராய்ந்தார். நோயுற்ற இலையின் கதை அறிவியலில் நிலைபெற்று, தாவர நோயியல் வரலாற்றின் முக்கிய அத்தியாயமாயிற்று. அச்செடியை நட்டு வளர்த்தவர்களின் கொலராக் கதைக்கு அத்தகைய வரலாற்றாசிரியர் எவரும் வாய்க்கவில்லை. செடி முதலீடாக இருந்தது. ஆளை மாற்றிக்கொள்ள முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோய்த்தடை நிறுவனமயமாயிற்று. போவர் போர்க் கைதிகளுக்கென அமைக்கப்பட்ட ராகமை முகாம் பின்னர் தோட்டத் தொழிலாளரைத் தடுத்துவைக்கும் முகாமாயிற்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இரயிலோடு இணைந்த கப்பற்சேவை தொடங்கியபின், இந்திய மண்ணிலேயே, மண்டபத்தில், இலங்கை அரசாங்கத்தின் முகாம் இயங்கலாயிற்று. உடுத்த துணி ஆவியில் வேகவைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, சில நாட்கள் தங்கவைக்கப்பட்ட பின்னரே மக்கள் கப்பலேற்றப்பட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரும் அதே மண்டபத்தில்தான் இறக்கப்பட்டனர். 'மண்டபம் காம்பு' என்னும் தொடர் மலையக முதியோரின் பேச்சில் வருவதும் போவதுமான இரு பயணங்களையும் குறிப்பதாயிற்று.

தோட்டங்களில் மருத்துவ வசதி அறவே இருக்கவில்லை என்று கூறுவது பொருந்தாது. 1872இலேயே தோட்டப் பகுதிகளுக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைத் தோட்டங்களில் ஆரம்பமாயிற்று. ஆனால் இவற்றின் உட்பொருளை அறிய, அதே 1872இல் எங்கெல்ஸ் எழுதத் தொடங்கிய 'வீட்டுப் பிரச்சினை' கட்டுரைகளை நோக்குதல் தகும். தொழிலாளர் குடியிருப்பிற் பிறக்கும் கொள்ளைநோய் முதலாளியின் வீட்டையும் எட்டிப்பார்க்கும் என்பதை உணர்ந்த பின்னரே முதலாளி வர்க்கத்துக்குச் சுகாதாரத்தில் அக்கறை பிறந்தது என்றும், அந்த அக்கறையோ நோயின் விளைநிலத்தை ஒழிக்காது வேறிடத்துக்குப் பெயர்க்க மட்டுமே வல்லது என்றும் அவர் காட்டினார். இங்கும் கொக்கிப்புழு ஒழிக்கப்பட வேண்டியதாயிற்று, ஏனெனில் அது உழைப்புச் சக்தியைக் குறைத்தது. லயன் அப்படியே இருந்தது.

அந்த லயனுக்குள்தான் 2020 வந்து சேர்ந்தது. ஒரு காம்பரா, ஓர் இஸ்தோப்பு. சமையலும் படுக்கையும் அடுத்தடுத்து. பக்கத்து வீட்டின் இருமல் கேட்கும் சுவர். பல குடும்பங்களுக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலி, பொதுவான கழிப்பிடம். 'ஒரு மீற்றர் இடைவெளி பேணுக', 'நோயாளியைத் தனியறையில் வைக்குக', 'அடிக்கடி கைகழுவுக' என்ற அறிவுறுத்தல்கள் யாவும் ஒரு குறிப்பிட்ட வகை வீட்டைக் கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்டவை. அத்தகைய வீடில்லாதவரிடம் அவை சென்றபோது கட்டளையாகவன்றிக் குற்றச்சாட்டாகவே ஒலித்தன.

ஊரடங்கு விதிக்கப்பட்ட சில நாட்களுள் தேயிலைத் தொழிலுக்கு அதிலிருந்து விலக்களிக்கப்பட்டது. 1883 முதல் மண்டபமொன்றில் கூடி நடைபெற்றுவந்த கொழும்புத் தேயிலை ஏலம், 2020 ஏப்ரிலில் வரலாற்றில் முதன்முறையாக இணையவழிக்கு மாறியது. விற்பவரும் வாங்குபவரும் நோய்க்கு அஞ்சி ஒருவரையொருவர் காணாதிருக்க ஏற்பாடு செய்யப்பட்டது. கொழுந்தை இணையவழியாகப் பறிக்க இயலாது. ஆகவே பிரட்டுக்களத்தில் வழக்கம்போல் பேர் கூப்பிடப்பட்டது.

'பேர்' என்னும் இச்சொல்லை விளக்காமல் இக்கதைகளை விளங்கிக்கொள்ள முடியாது. தோட்டத்து வழக்கில் பேர் என்பது ஒரு நாட் கூலிக்கான பதிவு. குறித்த கிலோ எடுத்தால் பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். வேலைக்குச் செல்லாத நாள் பேரில்லாத நாள். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் ஒரு தாய் தமது நோய்க்காலக் கதையை எம்மிடம் சொன்னபோது, காய்ச்சலைப் பற்றி இரண்டு வாக்கியங்களே சொன்னார். கணவருக்குத் தொற்று என்று அறியப்பட்டதும் அவர்களின் லயன் முழுவதும் பதினான்கு நாட்கள் மூடப்பட்டது. அந்தப் பதினான்கு நாட்களை அவர் பேராகவே எண்ணினார்: தமக்கு எத்தனை பேர் போயிற்று, மூத்த மகளுக்கு எத்தனை போயிற்று, அதனால் கடைக்கணக்கு எவ்வளவு ஏறிற்று, அடைத்து முடிக்க எத்தனை மாதமாயிற்று. நோய் அவருக்குச் சம்பளச் சிட்டையில் நிகழ்ந்த ஒன்று. இதனை உணர்ச்சி வறுமை என்று கொள்வோர் தவறிழைப்பர். கணவர் மூச்சுக்குத் திணறிய இரவைப் பற்றி நாம் வலிந்து கேட்டபோது, அவர் பேச்சை நிறுத்திவிட்டு எமக்குத் தேநீர் ஊற்றச் சென்றார். அதன்பின் நாம் கேட்கவில்லை.

இரண்டாவது கதை ஓர் இளைஞருடையது. கொழும்புப் புறக்கோட்டையில் துணிக்கடையொன்றில் வேலை. தோட்டத்துக் கூலியில் குடும்பம் நடத்த இயலாமையால், உழைக்கும் வயதினர் கடைகளுக்கும் உணவுச்சாலைகளுக்கும் வீட்டுவேலைக்கும் தலைநகர் செல்வது மலையகத்தின் இன்றைய பொருளாதார அடித்தளமாகிவிட்டது. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் தொடர்ந்து பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று வெடித்தபோது கடைகள் மூடப்பட்டன. சாப்பாட்டுக்கு வழியற்றோர் ஊர் திரும்பினர். நவம்பர் 14ஆந் திகதி தீபாவளி. அதனை ஒட்டி மேல் மாகாணத்தைவிட்டு வெளியேறுதல் தடைசெய்யப்பட்டது. இவ்விளைஞர் தடைக்குச் சில நாட்கள் முன்னரே தோட்டத்தை அடைந்தவர். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதைக் கண்டவர்கள் விலகிச் சென்றார்கள். தாயுடன் ஒரே மலையில் கொழுந்தெடுப்போர் அவரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கத் தங்கைக்கு நேரம் ஒதுக்கப்பட்டது, எல்லோரும் பிடித்து முடித்த பிறகு. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் அனுப்பும் பணத்தில்தான் அவ்வீட்டில் புதுத்துணி. அவ்வாண்டு அவரே வந்தார்; அவரை வாசலில் நிறுத்தினார்கள்.

நூறாண்டுகளுக்கு முன் நோய்காவி என்று துரைமாரும் அதிகாரிகளும் எந்தச் சமூகத்தைச் சுட்டினார்களோ, அச்சமூகமே தன் பிள்ளைகளை அதே விரலால் சுட்டிய நிலை இது. ஆளும் வர்க்கத்தின் கருத்தே ஆளப்படுவோர் கருத்துமாயிற்று என்று கூறி நாம் கடந்துவிடலாம். எமது அணியினர் வழமையாக அவ்வாறு கடப்பதுண்டு. ஆனால் அவ்வயலவரின் அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. ஒருவருக்குத் தொற்றினால் லயன் முழுவதற்கும் பேர் போகும். அவர்கள் அஞ்சியது கிருமிக்கு மட்டுமன்று. பகையாகத் தோன்றியது பற்றாக்குறையின் கணக்கு. அதனை அவ்விளைஞரே எமக்கு விளக்கினார் என்பதையும், தம்மை விலக்கியவர்களுள் ஒருவர் ஒவ்வோர் இரவும் யாரும் காணாமல் இஸ்தோப்பில் சோறு வைத்துச் சென்றதை அவர் சொன்னார் என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

மரணம் பற்றிய கதைகளே மிகக் குறைவாகச் சொல்லப்படுகின்றன. தோட்ட மக்களுட் பெரும்பாலோர் இறந்தோரைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்பவர்கள். சட்டப்படி ஓரங்குலமும் தமக்கு உரித்தாகாத நிலத்தில் முன்னோரின் குழிகளே அவர்களின் உறுதிப் பத்திரம். தப்பு முழங்க, லயன் முழுவதும் திரண்டு செல்வது வழக்கம். 2020 ஏப்ரிலில் கொவிட்டால் இறந்தோர் அனைவரும் எரிக்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டு, 2021 பெப்ரவரி வரை அது நடைமுறையில் இருந்தது. அவ்விதியால் இஸ்லாமியர் அடைந்த துயரம் உலகறிந்தது. மலையகத்தார் அடைந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஒரு மூதாட்டி, தம் தமையன் எங்கோ எரிக்கப்பட்டதைவிட, தப்புச் சத்தமில்லாமல் அவர் போனதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இக்கதைகளின் காலக்கணக்கும் கருதத்தக்கது. பொதுச் சுகாதார ஆவணங்கள் 'முதல் அலை', 'இரண்டாம் அலை' எனப் பகுக்கின்றன. தோட்டத்தில் அவ்வாறு எவரும் சொல்லக் கேட்டிலோம். 'ஆயிரம் ரூபாய்க்கு முந்தி', 'ஆயிரம் ரூபாய்க்குப் பிறகு' என்றே காலம் பிரிக்கப்படுகிறது. பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின், 2021 மார்ச்சில் சம்பளச் சபையினூடாக நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் பல தோட்டங்களில் பேருக்குரிய கிலோ கூட்டப்பட்டது. எட்ட முடியாதோர்க்கு அரைப்பேர். தொற்றிலிருந்து தேறியும் களைப்பு நீங்காத பெண்கள் அந்தக் கிலோவை எவ்வாறு எட்டினர் என்பது மருத்துவ ஆய்வுக்கும் உரிய பொருள். காலையில் மலை, மாலையில் தண்ணீர், இடையில், பாடசாலை மூடப்பட்டதால் தொலைபேசிச் சமிக்ஞை தேடிப் பாறைமீதேறிய பிள்ளைகளைக் கண்காணித்தல். ஆண்கள் சொன்ன கதைகளில் இந்த மூன்றாவது வேலை இடம்பெறவேயில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிடில், வழிநடைக் காலத்தின் துயர்பற்றி மக்கள் தரப்பிலிருந்து எமக்கு எஞ்சியிருக்கக்கூடியது மிகச் சொற்பமே. 2020 - 21இன் அனுபவத்தைப் பாடலாக்கும் சூழல் இன்று குறைவு. கொழுந்து மலையில் பாடுவோரும் குறைவு. 2022இன் பொருளாதார நெருக்கடி இவற்றின்மேல் வந்து படிந்ததால், எரிவாயுவும் மண்ணெண்ணெயும் மாவும் இல்லாத நாட்களுடன் தொற்று நாட்கள் கலந்து சொல்லப்படுகின்றன. எனவே இவை விரைந்து பதிவுசெய்யப்பட வேண்டும். கதையோடு கடைக்கணக்குக் கொப்பியும் சம்பளச் சிட்டையும் சேர்த்துப் படியெடுக்கப்பட வேண்டும்.

நுவரெலியாப் பக்கத்தில் ஒரு பெண் சொன்னது: தொற்றுள்ளவர்களை ஏற்றிச்செல்ல வாகனம் வந்தபோது, தனிமைப்படுத்தல் நிலையம் என்றால் என்னவென்று வீட்டிலிருந்த அப்பாயிக்கு விளங்கவில்லை. எத்தனை நாள் வைப்பார்கள், சாப்பாடு யார் கொடுப்பார்கள் என்று விசாரித்துவிட்டு, "காம்பா?" என்று கேட்டார். தம் தாய் சொல்லக் கேட்ட மண்டபம் அது. பேத்தி ஆம் என்றதும், அவர் உள்ளே போய், அவளுடைய நல்ல சேலை இரண்டைப் பையிலிருந்து எடுத்து மறைத்து வைத்தாராம். வேகவைத்தால் சாயம் போய்விடும் என்று.