கீஸர் மாற்றும் முன்...

தில்லியில் குளிர் தொடங்கினால் கீஸர் மாற்றும் வேலை மிகுந்துவிடும். மின்பணியாளன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அது தவறுதலாக நியூட்ரலில் இணைக்கப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் கீஸருக்குள் 230 வோல்ட் இருக்கும்.

முதலில் மல்ட்டிமீட்டரை மின்சாரம் உள்ள பிளக்கில் சரிபாருங்கள். பிறகு பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் மெயினை அணைத்து, இன்வெர்ட்டரையும் நிறுத்துங்கள். வீட்டார் எவரேனும் அறியாமல் மெயினைப் போட்டுவிடாதபடி பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நியான் டெஸ்டர் எரியவில்லை என்று நம்பிவிட வேண்டாம். பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் மீட்டரில் பார்த்த பின்பே ஒயரைத் தொடுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு சொல்: ஏணியில் நிற்பவரை அவசரப்படுத்தாதீர்கள்.