சாண எரிவாயுக் கழிவும் கடற்பாசி வளர்ப்பும்

சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளியேறும் கழிவுக் கரைசலைக் கடற்பாசிகளுக்கு உரமாக அளிப்பது ஓர் ஊட்டச்சத்து மறுசுழற்சி முறையாகும். இக்கரைசல் வழக்கமாக வயலுக்குச் செல்கிறது. ஆனால் கடற்பாசியையே மூலப்பொருளாகக் கொண்டு எரிவாயு தயாரிக்கும் இடத்தில், அறுவடையோடு வெளியேறிய சத்து மீண்டும் பாசிக்கே திரும்ப வேண்டும். இல்லையெனில் ஒவ்வோர் அறுவடைக்கும் புதிதாக உரம் வாங்க நேரிடும்.

கழிவில் எஞ்சுவது

காற்றில்லாச் சூழலில் நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைச் சிதைக்கும்போது அதிலுள்ள கார்பனின் ஒரு பகுதி மீத்தேனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறுகிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவை பெரும்பாலும் கலனிலேயே தங்கிவிடுகின்றன. புரதத்தில் பிணைந்திருந்த நைட்ரஜனில் கணிசமான பங்கு அமோனியமாக மாறுகிறது. இது பாசிக்கு வசதியானது. நைட்ரேட்டை உறிஞ்சும் பாசி அதை முதலில் அமோனியமாக மாற்ற ஆற்றல் செலவிட வேண்டும்; அமோனியமாகவே கிடைத்தால் அச்செலவு மிச்சம்.

புளோரிடா ஆய்வுகள்

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் கடற்பாசியிலிருந்து எரிவாயு பெறும் ஆய்வுகள் வேகம் பெற்றன. புளோரிடாவின் ஹார்பர் பிராஞ்ச் கடல் ஆய்வு நிறுவனத்தில் ஜான் ரைதர், டென்னிஸ் ஹனிசாக் ஆகியோர் கிராசிலாரியா டிக்வாகியே என்னும் செம்பாசியைத் தொட்டிகளில் வளர்த்தனர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் அகர் எடுப்பதற்காகச் சேகரிக்கப்படும் கஞ்சிப்பாசியும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. செரிமானக் கழிவைப் பாசிக்கு உரமாகப் பயன்படுத்த முடியும் என்பதை ஹனிசாக் 1981இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

அதே காலத்தில் கிடைத்த இன்னொரு முடிவு இதைவிட முக்கியமானது என்றே கூறலாம். நைட்ரஜன் பற்றாக்குறையில் இருந்த பாசியைச் சத்துமிக்க நீரில் சில மணி நேரம் வைத்தால், ஏறத்தாழ இரண்டு வார வளர்ச்சிக்குப் போதுமான நைட்ரஜனை அது உறிஞ்சிச் சேமித்துக்கொள்கிறது. பசித்தவன் ஒரே பந்தியில் வயிறு நிரப்புவது போன்றது இது. ஆகவே கரைசலை வளர்ப்பிடத்தில் ஊற்றத் தேவையில்லை. பாசியைக் கரையிலுள்ள தொட்டிக்குக் கொண்டுவந்து ஊறவைத்து, மீண்டும் சத்துக் குறைந்த நீரில் விடலாம். பாசியின் மேல் ஒட்டி வளரும் வேண்டாத பாசிகளுக்கும் அங்கே உரம் கிடைக்காது.

கடலில் நேரடியாக ஊற்றுவது மறுசுழற்சி ஆகாது, மாசுபடுத்துதலே ஆகும். நைட்ரஜன் மிகுந்த கடலோர நீரில் பச்சைப்பாசிகளும் மிதவை நுண்பாசிகளும் பெருகுகின்றன. அவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிசன் குறைந்து மீன்கள் இறக்கின்றன.

அளவும் நஞ்சும்

ஒரு லிட்டர் கரைசலில் 2 கிராம் அமோனிய நைட்ரஜன் இருப்பதாகக் கொள்வோம். அதை ஆயிரம் மடங்கு நீர்த்தாலும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கும். தூய கடலோர நீரில் காணப்படுவதைவிட இது பல மடங்கு அதிகம். எனவே தேவைப்படும் கரைசல் சிறிதளவே. நீர்க்காமல் பயன்படுத்தினால் அதன் கருமை நிறம் ஒளியைத் தடுக்கும். தொட்டியின் உப்புத்தன்மையும் குறையும்.

மற்றோர் இடர் எளிதில் கண்ணில் படாது. அமோனியம் பாசிக்கு உணவு. ஆனால் அதுவே அமோனியாவாக மாறினால் நஞ்சு. கடல்நீரின் வழக்கமான கார அமிலத்தன்மை எண் 8.1 அளவில் இருக்கும்போது, வெப்பமான நீரில் மிகச் சிறிய பங்கே அமோனியாவாக இருக்கும். நல்ல வெயிலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும்போது தொட்டியில் இவ்வெண் 9ஐத் தாண்டக்கூடும். அது 9.3ஐ நெருங்கினால் ஏறத்தாழ பாதி அமோனியாவாகிவிடும். காலையில் பாதுகாப்பாக இருந்த அதே அளவு நண்பகலில் பாசியை வெளிறச் செய்யலாம். தொட்டியில் காற்றைச் செலுத்துவதும் நீரை மாற்றுவதும் இதனைத் தணிக்கும்.

பன்றிப்பண்ணைக் கழிவிலிருந்து வரும் கரைசலில், தீவனத்தில் சேர்க்கப்பட்ட செம்பும் துத்தநாகமும் இருக்கக்கூடும். பாசிகள் உலோகங்களைத் தம் உடலில் சேர்த்துக்கொள்பவை. அத்தகைய கரைசலில் வளர்ந்த பாசியை உணவுக்கோ கால்நடைத் தீவனத்துக்கோ அனுப்பும் முன் உலோக அளவைச் சோதிக்க வேண்டும்.