வண்டியே வீடு, வாசலில் ஜிம்மி! நாயோடு காவிரி டெல்டாவுக்குக் கிளம்பும் முன்...

'லீவு விட்டாச்சு, எங்கேயாவது போயிட்டு வரலாம்' என்று பேச்செடுத்தால், நாய் வளர்க்கும் வீடுகளில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: 'அப்போ ஜிம்மியை யார் பார்த்துக்கிறது?' பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனால், வைத்த சோறு வைத்தபடி இருக்கும். நாய் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். இதனாலேயே குடும்பத்தோடு வெளியூர் போவதை மறந்துவிட்டு, ஆள் மாற்றி ஆள் ஊருக்குப் போய் வருகிறவர்கள் உண்டு.

ரயிலில் கூட்டிப்போகலாம்தான். ஆனால், ஏசி முதல் வகுப்பில் கூபே அல்லது கேபின் முழுவதையும் நீங்களே எடுத்தால்தான் நாய் உங்களோடு இருக்க முடியும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில்தான் அதற்கு இடம். ஸ்லீப்பர், டூ டயர், த்ரீ டயர் பெட்டிகளில் அனுமதி இல்லை. அதனால்தான் படுக்கை, அடுப்பு, தண்ணீர்க் கேனோடு வண்டியையே வீடாக்கிக்கொண்டு கிளம்பும் பழக்கம் நம் ஊரிலும் மெல்ல வருகிறது.

சென்னையிலிருந்து சுமார் 350 கிலோமீட்டரில் தஞ்சாவூர். பச்சை வயல், வாய்க்கால், கோயில், டிகிரி காபி என்று மனிதர்களுக்கு எல்லாமே அங்கே இருக்கிறது. நாய்க்கு அது எப்படிப்பட்ட ஊர்?

எந்த வண்டி?

கேரவன் என்றதும் சினிமா நட்சத்திரங்களின் பெரிய வண்டிதான் நினைவுக்கு வரும். டெல்டாவுக்கு அது ஒத்துவராது. கிராமத்துச் சாலைகள் பல, ஒரு பக்கம் வாய்க்காலும் மறுபக்கம் வயலுமாக ஒற்றை வண்டி போகும் அகலத்தில்தான் இருக்கின்றன. எதிரே அறுவடை இயந்திரம் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. ஈகோ, டெம்போ டிராவலர் மாதிரியான வண்டிகள்தான் வசதி.

சொந்த வண்டியை மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும் அளவுக்கு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. சீட்டுகளை நிரந்தரமாகக் கழற்றிக் கட்டில் போடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாய்க்கு வண்டிக்குள் அதற்கென்று ஓர் இடம் வேண்டும். சீட் பெல்ட்டோடு இணைக்கும் மார்புப்பட்டை நல்லது. கழுத்துப் பட்டையில் கட்டினால், திடீரென பிரேக் போடும்போது கழுத்து இறுகும். ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு வருவது பார்க்க அழகுதான். ஆனால், கண்ணில் தூசியும் வைக்கோல் துணுக்கும் அடிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் கொடுத்து, சற்று நடக்க விடுங்கள்.

எந்த மாதம்?

வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கப்பட்டு, ஜனவரி 28-ல் மூடப்படும். நீர்வரத்தைப் பொறுத்து இது முன்பின் ஆகும். குறுவை, சம்பா, தாளடி எல்லாம் இந்தத் தண்ணீரை நம்பித்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சேறும் சகதியுமாக இருக்கும். ஏப்ரல், மே வெயில் நாய்க்கு ஆகவே ஆகாது. பொங்கல் முடிந்து, சம்பா அறுவடை நடக்கும் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான் சரியான காலம். காலையில் பனி இருக்கும், பகல் தாங்கக்கூடியதாக இருக்கும்.

அந்த மாதங்களில் பல ஊர்களில் நெல்லைச் சாலையிலேயே காயவைத்திருப்பார்கள். உங்கள் நாய் அதன்மேல் ஓடுவதோ, காலைத் தூக்குவதோ வேண்டாம். அது அந்த வீட்டுக்காரரின் ஒரு போகத்து உழைப்பு.

கோயிலுக்குப் போகும்போது...

பயணத்தின் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள சோழர் கோயில்கள். இவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. 1959-ம் ஆண்டின் விதிகளின்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் பார்வையாளர்கள் விலங்குகளைக் கொண்டுபோகக் கூடாது. மற்ற கோயில்களிலும் வழக்கம் அதுதான். பைரவருக்கு வாகனமே நாய்தான் என்றாலும், நம் வீட்டு நாய்க்குக் கோபுர வாசலோடு சரி.

'பத்து நிமிஷத்துல சாமி கும்பிட்டு வந்துடலாம்' என்று நாயை வண்டிக்குள் பூட்டிவிட்டுப் போகத் தோன்றும். வேண்டவே வேண்டாம். நிறுத்திய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறும். வெளியே 32 டிகிரி என்றால் உள்ளே 42. அரை மணி நேரத்தில் 50-ஐத் தொட்டுவிடும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதங்களில்தான்; நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதிக்கும்போது அந்த வழியும் அடைபட்டுப்போகிறது. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இதற்கு ஒரே வழி, இரண்டு அணியாகப் பிரிவது. பாதிப் பேர் தரிசனத்துக்கு, பாதிப் பேர் நாயோடு மர நிழலில். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். காலை ஆறு, ஆறரைக்கே போய்விட்டால் கூட்டமும் இருக்காது, வெயிலும் இருக்காது. வெயில் ஏறிய பிறகு கல்தளத்திலும் தார்ச்சாலையிலும் நாயை நடக்க விடாதீர்கள். உங்கள் புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

நாய் விடாமல் இரைத்து, எச்சில் கெட்டியாக வழிந்து, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடையிடுக்கு, பாதங்களில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். பிறகு நேராக டாக்டரிடம் போங்கள். தஞ்சாவூரை அடுத்த ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரப்பில் ஓட விடலாமா?

பச்சை வயலைக் கண்டதும் கயிற்றை அவிழ்த்துவிடத் தோன்றும். அறுவடைக் காலத்தில் எலியைத் தேடிப் பாம்புகள் வயலில் நடமாடும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன் மூன்றுமே இங்கே உண்டு. எலிக்கு விஷ உணவு வைத்திருப்பார்கள். சில இடங்களில் மூங்கில் கிட்டி வைத்திருப்பார்கள். மோப்பம் பிடித்துப் போய் மூக்கை நுழைக்கும் நாய்க்கு இரண்டுமே ஆபத்து. வாய்க்கால் தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும். அந்த நாயிடமிருந்து வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றலாம். கயிறு கையிலேயே இருக்கட்டும், குடிக்கும் தண்ணீர் வண்டியில் கொண்டுவந்ததாக இருக்கட்டும்.

ஓட ஆசைப்படும் நாய்க்குக் கடற்கரை நல்ல இடம். பட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் சரபேந்திரராஜன்பட்டினத்தில், நெப்போலியனின் தோல்வியை நினைவுகூர்ந்து இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா இருக்கிறது. நாயை மனோராவுக்கு வெளியே, கடற்கரை ஓரமாகக் காலை நேரத்தில் நடத்திச் செல்லலாம். வடுவூர், கோடியக்கரை சரணாலயங்களுக்கு நாயைக் கொண்டுபோகாதீர்கள். பறவைகளும் மான்களும் இருக்கும் இடத்தில் ஒரு குரைப்பே அதிகம்.

ராத்திரி எங்கே நிறுத்துவது?

கேரவனுக்கென்று தனி நிறுத்துமிடங்களை டெல்டாவில் எதிர்பார்க்க முடியாது. ஹோட்டல் வளாகம், பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், யாருடைய தென்னந்தோப்பாவது... எதுவாக இருந்தாலும் இருட்டுவதற்கு முன்பே கேட்டு, அனுமதி வாங்குங்கள். 'ஐயா, நாய் ஒண்ணு இருக்கு, கட்டித்தான் வெச்சிருப்போம்' என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆற்று மணலில் மட்டும் வண்டியை இறக்காதீர்கள். வெள்ளக் காலத்தில் காவிரியின் உபரி நீர் முழுவதும் கொள்ளிடத்தில்தான் திருப்பப்படும். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, எங்கோ பெய்த மழைத் தண்ணீர் வந்து சேரும். 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை.

ஊர் நாய்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தெருவும் ஒரு கூட்டத்தின் எல்லை. சாப்பாட்டை வெளியே வைத்தால் சண்டை நிச்சயம். வண்டிக்குள்ளேயே வைத்து ஊட்டிவிடுங்கள்.

நமக்கு முன்பே வந்தவர்கள்

வீட்டையும் நாயையும் கூட்டிக்கொண்டு டெல்டாவைச் சுற்றுவது புதுசு என்று நினைக்காதீர்கள். சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் செம்மறி ஆடுகளோடு இங்கே வருவார்கள். ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நிலத்துக்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். வயலுக்கு வயல் கிடை நகரும்போது குடும்பமும் நகரும். திருடனும் நரியும் நெருங்காமல் காவல் காப்பது நாய்.

அந்த நாய்க்கு இது சுற்றுலா இல்லை, வேலை. கிடை போட்டிருக்கும் வயலுக்குப் பக்கத்தில் உங்கள் நாயை அவிழ்த்துவிட்டால், ஆடுகள் மிரண்டு சிதறும். காவல் நாய் பாய்ந்து வரும். இரண்டு வயல் தள்ளியே நிறுத்துங்கள். வாய்ப்புக் கிடைத்தால் கீதாரியிடம் பேசிப் பாருங்கள். வெயிலில் எப்போது நடக்க வேண்டும், எங்கே நிழல், எங்கே தண்ணீர் என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இல்லை.

கிளம்பும் முன் சரிபார்க்க...

* வெறிநோய்த் தடுப்பூசி, எலிக்காய்ச்சலையும் சேர்த்த கூட்டுத் தடுப்பூசி இரண்டும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா?
* பயணத்துக்குத் தகுதி என்ற கால்நடை மருத்துவரின் சான்றிதழ், தடுப்பூசி அட்டை.
* உண்ணிக்கு மருந்து. தினமும் ராத்திரி காது மடல், விரலிடுக்குகளைப் பாருங்கள்.
* உங்கள் செல்போன் எண் பொறித்த கழுத்துப் பட்டை.
* வழக்கமாகச் சாப்பிடும் உணவு. வெங்காயம், சாக்லேட், திராட்சை, வேகவைத்த எலும்பு கூடாது.
* கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு, வாந்தி குறையும்.
* கழிவை அள்ளக் காகிதமும் பையும்.

தடுப்பூசி முடியாத குட்டி, வயதான நாய், இதயக் கோளாறு உள்ளது, வண்டியில் ஏறினாலே நடுங்குவது... இவற்றை அழைத்துப் போக வேண்டாம். பழக்கப்பட்ட ஒருவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வதுதான் அவற்றுக்கு நல்லது. கூட்டிப்போவதா, விட்டுப்போவதா என்ற கேள்விக்கு நம் ஆசையை வைத்துப் பதில் சொல்லக்கூடாது. முதலில் பக்கத்து ஊருக்கு ஒருநாள் போய், ராத்திரி வண்டியிலேயே தங்கிப் பாருங்கள். காலையில் அது வாலாட்டிக்கொண்டு எழுந்தால், தஞ்சாவூருக்குத் தேதி குறிக்கலாம்.