எழுத்தாளர் பெயரால் அறியப்படும் நாடகங்கள்

ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு ஓர் ஆண்டு என்பது நான்கு பருவங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதிய தொடர்கள் தொடங்கும். வாரம் ஒரு பகுதியாக, பத்துப் பதினொரு வாரங்களில் கதை முடிந்துவிடும். எவ்வளவு பேர் பார்த்தாலும் பருவத்தோடு விடைபெறுவதுதான் பொது வழக்கம். எந்த வாரம் முடியும் என்பது முன்கூட்டியே தெரிவதால் கதையை இழுக்க வேண்டியதில்லை. முழுத் தொடரையும் பெரும்பாலும் ஒருவரே எழுதிவிட முடிகிறது. வெளிநாட்டு ரசிகர்கள் அபிமான நடிகர்களைத் தேடித்தான் இந்த நாடகங்களுக்குள் நுழைகிறார்கள். ஆனால் இவற்றின் உண்மையான பலம் எழுத்து.

1974-இல் டாமா ஆறு பெருக்கெடுத்து, டோக்கியோவை ஒட்டிய கோமாயே நகரில் 19 வீடுகளை அடித்துச் சென்றது. தாயிச்சி யமடா இந்த நிகழ்வை வைத்து 1977-இல் ‘கிஷிபே நோ ஆல்பம்’ தொடரை எழுதினார். வெளியே பார்த்தால் குறையொன்றுமில்லாத குடும்பம். உள்ளே மனைவிக்கு ஒரு ரகசிய உறவு. கணவனுக்கு அலுவலகத்தில் வெளியே சொல்ல முடியாத வேலைகள். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஆற்றில் சரியும் வீடுகளின் நிஜப் படக்காட்சி ஓடியது. கதை எங்கே போய் முடியும் என்பதை முதல் நாளே காட்டிவிட்டு, அதன் பிறகும் பார்ப்பவரை உட்கார வைத்த துணிச்சல் இது.

குனிகோ முகோடாவின் களம் இன்னும் சிறியது: சாப்பாட்டு மேசையும் அதைச் சுற்றி நடக்கும் பேச்சும். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1979-இல் ஒளிபரப்பிய அவருடைய ‘அஷுரா நோ கொதோகு’வில், வயதான தந்தைக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருப்பது நான்கு சகோதரிகளுக்குத் தெரிய வருகிறது. பெரிய சண்டைகளை விட, ஊறுகாயைக் கடித்துக்கொண்டே ஒருத்தி இன்னொருத்தியைக் குத்திப் பேசும் இடங்களில்தான் முகோடாவின் கை தெரிகிறது. 1981-இல் தைவானில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தபோது வயது 51.

அதே ஆண்டு அக்டோபரில் ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கியது சோ குராமோட்டோவின் ‘கித்தா நோ குனி காரா’. மனைவியைப் பிரிந்த ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு சொந்த ஊரான ஹொக்கைடோவின் ஃபுரானோவுக்குத் திரும்பி, மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ இல்லாத பாழடைந்த வீட்டில் குடியேறும் கதை. குராமோட்டோவே அதற்குச் சில ஆண்டுகள் முன்பு டோக்கியோவை விட்டு ஃபுரானோவில் குடியேறியவர்தான். 24 பகுதிகளில் தொடர் முடிந்தது. ஆனால் அதன் சிறப்பு நாடகங்கள் 2002 வரை வந்தன. தந்தையாக குனியே தனாகாவும் பிள்ளைகளாக அதே இரு நடிகர்களுமே கடைசிவரை நடித்தார்கள். சிறுவனும் சிறுமியும் திரையிலேயே வளர்ந்து, காதலித்து, தவறுகள் செய்து, நடுவயதை நெருங்கினார்கள். ஒப்பனையால் கொண்டுவர முடியாத முதுமையை தனாகாவின் முகத்தில் காணலாம்.

பருவக் கணக்குக்கு வெளியே நிற்பவை என்.எச்.கே.யின் காலை நாடகங்கள். நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் பல மாதங்கள் ஓடும். சுகாகோ ஹஷிடா எழுதிய ‘ஓஷின்’ 1983 ஏப்ரல் முதல் ஓராண்டு, 297 பகுதிகள் ஓடியது. ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்பப்படும் யாமகாத்தா கிராமத்துச் சிறுமி, நிலநடுக்கத்தையும் போரையும் கடந்து பல்பொருள் அங்காடிகளின் உரிமையாளராகும் கதை. சிறுமியாக அயாகோ கோபயாஷி, இளம்பெண்ணாக யூகோ தனாகா, முதியவளாக நொபுகோ ஒட்டோவா. சராசரியாக 52.6 சதவீத வீடுகளில் இது பார்க்கப்பட்டது. ஈரானிலும் இலங்கையிலும்கூட ஓஷின் வீட்டுப் பெயரானாள். கண்ணீர் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் போரை ஆதரித்து அதில் லாபமும் பார்த்த கணவனை ஹஷிடா எளிதில் மன்னித்துவிடவில்லை என்பதைக் கண்ணீரில் கவனிக்காமல் விடுபவர்கள் உண்டு.

1990-களில் நாடகம் நகரத்து இளைஞர்களிடம் போனது. 1991-இல் வந்த ‘டோக்கியோ லவ் ஸ்டோரி’ ஒரு மங்கா படக்கதையைத் தழுவியது. அதை எழுதிய யூஜி சகாமோட்டோவுக்கு அப்போது வயது 23. தன் காதலை மறைக்காமல் முதலில் சொல்லும் ரிக்காவாக ஹொனாமி சுஸுகி நடித்தார். உடைகளும் தொலைபேசிகளும் இன்று பழசாகிவிட்டன, ரிக்கா பழசாகவில்லை. இந்த வெற்றிக்குப் பிறகு நட்சத்திரத்தை முடிவு செய்துவிட்டுக் கதை தேடும் பழக்கம் வலுத்தது. தகுயா கிமுரா நடித்த தொடர்கள் இதற்கு நல்ல உதாரணம். கவர்ச்சி குறையாத அவருக்காகப் பல சுமாரான கதைகளும் பொறுத்துக்கொள்ளப்பட்டன.

சகாமோட்டோ பின்னாளில் அடங்கிய குரலில் எழுதக் கற்றார். அவர் எழுதி ஹிரோகசு கொரீடா இயக்கிய ‘மான்ஸ்டர்’ 2023-இல் கான் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருதைப் பெற்றது. தன் படங்களைத் தானே எழுதும் கொரீடா, 1995-இல் வந்த முதல் படத்துக்குப் பிறகு இன்னொருவர் திரைக்கதையை இயக்கியது அப்போதுதான். அடுத்து அவர் கை வைத்தது முகோடாவின் நான்கு சகோதரிகள் மீது. 2025 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் ஏழு பகுதிகளாக வந்த ‘அஷுரா’வில் கதை நடக்கும் காலத்தை அவர் மாற்றவில்லை, 1979-லேயே விட்டுவைத்தார்.