பனி குடித்த தோல்



போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே பார்த்தால் மலை ஒரு சுவரைப்போல் எழுந்து நிற்கும். அந்தச் சுவரில் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் போடிமெட்டு. ஊருக்கும் மெட்டுக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். மெட்டைத் தாண்டினால் ஏலத் தோட்டங்கள். தினமும் விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்புகளில் ஆட்கள் அந்தத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் வருவார்கள்.

ஒரு தை மாதத்தில், அப்படிப்பட்ட தோட்டம் ஒன்றின் லயத்தில் மாரியம்மன் பொங்கல். என் அக்காள் மகளையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் பத்தாம் வகுப்பு மாணவி. போடியிலிருந்து நான்கு பேர் கொண்ட தப்பாட்டக் குழு ஒன்றும் வந்திருந்தது. ஜீப் ஏறுமுன் பிற்பகல் வெயிலில் அவர்கள் ஒருமுறை அடித்துப் பார்த்தார்கள். 'கணீர்' என்று தெருக்கோடி வரை கேட்டது.

மாலை ஆறு மணிக்கு மேலே அதே தப்பை அதே கைகள் அடித்தன. 'தொப், தொப்' என்று நனைந்த சாக்கைத் தட்டுவது போன்ற ஓசைதான் வந்தது. மூடுபனி லயத்து ஓடுகளின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் இருந்த இளைஞர்கள் பொறுமை இழந்தார்கள். "மேளம் எடுபடலை. ஸ்பீக்கர் செட்டைப் போடுங்க" என்று ஒருவர் குரல் கொடுத்தார். அன்று ஸ்பீக்கரில் பாட்டு ஓடத் தொடங்கியிருந்தால் அந்த நான்கு பேருக்கும் வேலை இல்லை.

குழுவின் மூத்தவர் சற்றும் பதறவில்லை. "பத்து நிமிஷம் குடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, சருகையும் சுள்ளியையும் கூட்டித் தீ மூட்டினார். தப்பின் முகத்தைத் தீக்குக் காட்டி, ஓரிடத்தில் நிறுத்தாமல் மெல்லச் சுழற்றினார். அவ்வப்போது விரலால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

சூடு பட்டால் விரிய வேண்டாமா?

என் அக்காள் மகள் என் காதருகே கேட்டாள்: "மாமா, சூடு பட்டால் பொருள் விரியும் என்று படித்திருக்கிறோமே. தோல் விரிந்தால் இன்னும் தொய்ந்துதானே போக வேண்டும்?"

நல்ல கேள்வி. விடை சொல்ல நான் வாயெடுக்குமுன் பெரியவரே திரும்பிப் பார்த்தார். "தோலு பனி குடிச்சிருச்சு தாயி. குடிச்ச தண்ணியக் கக்க வெக்கணும். அம்புட்டுத்தேன்."

பெரியவர் ஒரே வரியில் சொன்ன விடையைத்தான் நான் இங்கே நீட்டிச் சொல்லப்போகிறேன்.

சுருதி எதனால் இறங்கியது?

தப்பு என்பது ஒரு வட்ட மரச்சட்டம். அதன் விட்டம் ஏறத்தாழ 35 செ.மீ. அதன்மேல் இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தோல். அடித்தால் அந்தத் தோல் மேலும் கீழும் அதிர்கிறது. ஒரு விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதுதான் அதன் அதிர்வெண். அதிர்வெண் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும்.

இந்த அதிர்வெண்ணை மூன்று செய்திகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, சட்டத்தின் அளவு: பெரிய வட்டமானால் சுருதி குறையும். இரண்டாவது, தோலின் இழுவிசை. மூன்றாவது, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலின் நிறை. இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும், நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் அதிர்வெண் அமையும்.

ஒரு சிறு கணக்கு. இழுவிசை 100 பங்கிலிருந்து 64 பங்காகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். 64-இன் வர்க்கமூலம் 8; 100-இன் வர்க்கமூலம் 10. ஆகவே அதிர்வெண் பத்தில் எட்டுப் பங்காகக் குறையும். அந்தரகாந்தாரத்தில் ஒலித்தது சட்ஜத்துக்கு இறங்கிவிட்டது என்று இசை தெரிந்தவர்கள் சொல்வார்கள். மலை ஏறியதில் சட்டத்தின் அளவு மாறவில்லை. ஆனால் ஈரத்தை உறிஞ்சிய தோலின் நிறை கூடியது, இழுவிசையோ குறைந்தது. இரண்டும் சேர்ந்து சுருதியை ஒரே திசையில், கீழ்நோக்கி, இழுத்துவிட்டன.

நிறை கூடுவது எளிதில் விளங்கும். இழுவிசை ஏன் குறைய வேண்டும்? தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். இந்தப் புரதத்துக்கு நீர்மீது விருப்பம் அதிகம். காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு இடையே புகுந்து, ஒன்றையொன்று பற்றியிருந்த பிடியைத் தளர்த்துகின்றன. இழைகள் உப்புகின்றன, நெகிழ்கின்றன. விறைப்பாக இருந்த தோல் தொய்கிறது.

போடியின் காற்றும் மெட்டின் காற்றும்

அப்படியானால் போடியின் காற்றில் நீராவியே இல்லையா? இருக்கிறது. மேலே இருந்த நீராவியில் பெரும்பகுதி போடியிலிருந்து போனதாகவே இருக்கலாம். வேறுபாடு வெப்பநிலையில்தான் உள்ளது.

30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் தாங்குவது ஏறத்தாழ 17 கிராம்தான். போடியில் பிற்பகல் வெப்பநிலை 30 டிகிரி, காற்றில் உள்ள நீராவி 17 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 30-க்கு 17 என்றால் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 57 விழுக்காடு.

வெயிலில் சூடான இந்தக் காற்று சரிவின் வழியே மேலே ஏறுகிறது. உயரம் கூடக்கூட அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. முகிலாகாத காற்று ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். விரிந்ததால் கன மீட்டருக்கு 17 கிராம் என்பது 16 கிராமாகக் குறைந்திருக்கும். ஆனால் இப்போது அது தாங்கக்கூடியதே 17 கிராம்தான். ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது! இன்னும் சற்றுக் குளிர்ந்தால் மூடுபனி. ஏலச்செடி செழிப்பது இந்த ஈரத்தினால்தான். தப்பு சோர்வதும் இதே ஈரத்தினால்தான்.

தோலுக்குக் காற்றில் எத்தனை கிராம் நீராவி இருக்கிறது என்ற கணக்கு முக்கியமல்ல. காற்று அதன் கொள்ளளவில் எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்பதே முக்கியம். நிறைந்த காற்று தோலுக்கு நீரைக் கொடுக்கும். நிறையாத காற்று தோலிலிருந்து நீரை வாங்கும்.

தீ செய்யும் வேலை

இனிப் பெரியவரின் தீக்கு வருவோம். அந்தத் தீ காற்றிலிருந்த நீராவியை அகற்றவில்லை. தோலை ஒட்டியிருந்த காற்றைச் சூடாக்கியது. 60 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 130 கிராம் நீராவியைத் தாங்கும். அதே 16 கிராம் இப்போது கொள்ளளவில் எட்டில் ஒரு பங்குதான். ஈரத்தில் தோய்ந்திருந்த காற்று திடீரென்று தாகம் கொண்ட காற்றாகிவிட்டது. அது தோலிலிருந்து நீரை உறிஞ்சுகிறது, இழைகள் மீண்டும் நெருங்குகின்றன, தோல் விறைக்கிறது.

என் அக்காள் மகள் படித்த பாடமும் பொய்யல்ல. சூட்டினால் ஏற்படும் விரிவும், நீர் போவதால் ஏற்படும் சுருக்கமும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வெல்வது எது என்பதே கேள்வி. 30 செ.மீ. நீளமுள்ள இரும்புக் கம்பியை 40 டிகிரி சூடேற்றினால் அது ஏறத்தாழ 0.14 மி.மீ.தான் நீளும். அதே நீளமுள்ள தலைமுடியோ, முற்றிலும் வறண்ட காற்றிலிருந்து முற்றிலும் ஈரமான காற்றுக்குப் போனால் ஏறத்தாழ 7 மி.மீ. நீளும். முடியும் புரதந்தான். 1783-இல் ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்ற அறிவியலார் இந்தப் பண்பைப் பயன்படுத்தியே முடி ஈரமானியை விளக்கி நூல் வெளியிட்டார். புரதப் பொருள்களில் ஈரத்தின் செயல் சூட்டின் செயலைவிடப் பன்மடங்கு வலியது என்பதை இது காட்டுகிறது.

தப்பை ஏன் ஓயாமல் சுழற்ற வேண்டும்? ஈரத்தோல் ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி வரை சூடானால் கொலாஜன் நிலைகுலைந்து, திரும்பப் பழைய நிலைக்கு வராதபடி சுருங்கிவிடும். ஓரிடத்தில் அளவு மீறினால் தோல் கெட்டது, ஒட்டும் விட்டது. பெரியவரிடம் வெப்பமானி இல்லை. புறங்கையின் சூடும், சுண்டிக் கேட்ட ஓசையுமே அவருக்கு அளவுகோல்.

இதே வேலை அந்தத் தோட்டத்திலேயே இன்னொரு கூரையின்கீழ் நாள்தோறும் நடக்கிறது. பறித்த பச்சை ஏலக்காயில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர். அதை ஸ்டோரில் தட்டுகளில் பரப்பி, சுமார் 50 டிகிரிச் சூட்டில் காய வைத்து, 10 முதல் 12 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவார்கள். சூடு குறைந்தால் பூசணம். கூடினால் பச்சை நிறம் போய்விடும், போடி ஏலத்தில் விலையும் போய்விடும். ஸ்டோரில் தீ பார்ப்பவரும் தப்புக்குத் தீ காட்டுபவரும் செய்வது ஒரே பௌதிகம்.

கடல் கடந்த ஒரு பங்காளி

தோலுக்கும் ஈரத்துக்கும் நடக்கும் இந்தப் போராட்டம் நம் மலைக்கு மட்டும் உரியதல்ல. அட்லாண்டிக் பெருங்கடலின் ஈரக்காற்றை நேரே வாங்கும் தீவு அயர்லாந்து. அங்கே மாலை வேளைகளில் நாட்டுப்புற இசை மன்றங்களில் கலைஞர்கள் வட்டமாக அமர்ந்து வாசிப்பார்கள். வயலின், மரக்குழல், முழங்கையால் துருத்தியை அமுக்கி ஊதும் இல்லன் குழல் ஆகியவற்றோடு 'பௌரான்' என்றொரு வாத்தியமும் இருக்கும். பார்த்தால் நம் தப்பின் பங்காளி என்றே சொல்வீர்கள்: வட்ட மரச்சட்டம், ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல், கையில் சிறு கட்டை.

அவர்களும் தோல் தொய்ந்தால் கணப்பு அடுப்பின் அருகே காட்டுவது வழக்கம். சூடேற்றிய அறையில் தோல் மிகவும் விறைத்துவிட்டால் உட்புறம் சிறிது நீர் தடவித் தளர்த்துவார்கள். தீயும் நீரும் அவர்களுக்குச் சுருதி ஏற்றும், இறக்கும் கருவிகள். பிற்காலத்தில் திருகாணி வைத்து இழுவிசையை மாற்றும் பௌரான்களும் வந்தன.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. பௌரான் ஒரு காலத்தில் பெரும்பாலும் டிசம்பர் 26 அன்று ஊர் சுற்றி வருவோர் அடிக்கும் கருவியாகவே இருந்தது. 1960களில் ஷான் ஓ ரியாடா என்ற இசையறிஞர் அதை மேடைக்குக் கொண்டுவந்தார். இன்று ஐரிஷ் இசை என்றாலே பௌரான் நினைவுக்கு வருகிறது.

நம் பறையோ அதைவிடப் பழைய பெருமை உடையது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையைத் தொல்காப்பியம் சொல்கிறது. மலை நிலமாகிய குறிஞ்சிக்கு உரியது தொண்டகப்பறை. ஆனால் அதை அடித்தவர்களைச் சாதியின் பெயரால் தாழ்த்தி வைத்தோம். அவர்கள் கையிலிருந்த அறிவையும் அறிவென்று எண்ணாமல் விட்டோம். மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்து சர் சி. வி. இராமன் 1920-இலேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். அவரைப் போன்றவர்கள் ஆராயத் தக்க செய்திகள் தப்பிலும் நிறைய உண்டு.

செய்து பாருங்கள்

வாய் அகன்ற தகர டப்பா ஒன்றின்மீது மெல்லிய தாளை இழுத்துப் பசையால் ஒட்டி, வெயிலில் நன்கு காய விடுங்கள். விரலால் சுண்டி ஓசையைக் கேளுங்கள். பிறகு கொதிநீர்ப் பாத்திரத்திலிருந்து எழும் ஆவியில், கை சுடாத தூரத்தில், சில விநாடிகள் காட்டிச் சுண்டுங்கள். மறுபடி வெயிலில் வைத்துச் சுண்டுங்கள். செல்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலி இருந்தால் மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தாள் தாவரப் பொருள், தோல் விலங்குப் பொருள். ஆனால் நீர் இரண்டையும் தளர்த்தும்.

அன்றைய மாலையின் முடிவு

பத்து நிமிடம் என்று கேட்டவர் எட்டாவது நிமிடத்தில் எழுந்தார். முதல் அடியிலேயே கூட்டம் நிமிர்ந்தது. ஸ்பீக்கர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நள்ளிரவு வரை ஆட்டம் நடந்தது. ஆடும்போதே தோல் மறுபடி மெல்ல மெல்லப் பனியைக் குடிக்குமாதலால், நான்கு தப்புகளில் ஒன்று எப்போதும் தீயருகே முறை வைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

அவர் பேரனிடம் பைபர் தப்பு ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் படலம் நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, தீயும் வேண்டாம். மழைக்காலத்தில் அது பெரிய வசதிதான். ஆனால் படலம் வேறு, தோல் வேறு. ஒவ்வொன்றும் மேற்சுரங்களை அடக்கும் விதம் வேறுபடுவதால் ஓசையின் குணமும் வேறுபடும். எதை எடுப்பது என்பது கலைஞரின் விருப்பம். எதை எடுத்தாலும், பனியையும் தீயையும் தோலையும் காதால் கணக்கிட்ட அந்த அறிவு மட்டும் அவரோடு போய்விடக் கூடாது.

திரும்பும் வழியில் ஜீப்பில் என் அக்காள் மகள் சொன்னாள்: "மாமா, அந்தத் தாத்தா ஒரு ஈரமானி." நான் திருத்தினேன்: "ஈரமானி அளக்க மட்டும்தான் செய்யும். அவர் அளந்து, சரியும் செய்கிறார்."

உங்கள் ஊரிலும் திருவிழாவில் யாரேனும் தீயருகே தப்பைக் காட்டிக்கொண்டு நிற்பார். அடுத்த முறை அருகே போய் நின்று கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு பாடம் கிடைக்கும்.